விலைச்சீட்டில் எழுதப்படாத பாகங்கள்: நடுத்தர விலையில் கேமிங் கணினி

ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ தருமபுரியிலோ ஒரு கணினிக் கடையில் கேமிங் கணினிக்கு விலை கேட்டால், பெரும்பாலும் அன்று மாலைக்குள் வாட்ஸ்அப்பில் ஒரு கொட்டேஷன், அதாவது விலைச்சீட்டு, வந்துவிடும். முதல் வரியில் பிராசஸரின் பெயர், அடுத்த வரியில் ‘16 ஜிபி ரேம்’, அதன்கீழ் கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டியின் அளவு, கிராபிக்ஸ் கார்டின் பெயர், கடைசியில் வண்ண விளக்குகள் எரியும் கேபினட்டின் படம், மொத்த விலை. பாகங்களையெல்லாம் இணைக்கும் மதர்போர்டு எந்த மாடல், அவற்றுக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் யார் தயாரித்தது, 16 ஜிபி என்பது ஒரே ரேம் குச்சியா இரண்டா, கிராபிக்ஸ் கார்டில் எந்த வகை என்பவை அதில் இருப்பது அரிது. பெரிய இணையக் கடைகளில் ‘முழுமையாகப் பொருத்தப்பட்ட கேமிங் பிசி’ என்று விற்கப்படும் பெட்டிகளின் விவரப் பக்கங்களும் ஏறத்தாழ இதே வரிசையில்தான் எழுதப்படுகின்றன.

இதை ஏமாற்று என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியாது. பொருத்தி முடித்த கணினியை விற்பவருக்குக் கிடைக்கும் லாபம் குறைவு. வாங்க வருபவர் நான்கு கடைகளின் சீட்டை அருகருகே வைத்து ஒப்பிடுகிறார். அப்படி ஒப்பிடும்போது அவர் கண் போவது பிராசஸர், ரேம், கிராபிக்ஸ் கார்டு ஆகிய மூன்று வரிகளில் மட்டுமே. ஆகவே அந்த மூன்று வரிகளில் பணத்தைப் போட்டு, யாரும் கேட்காத இடங்களில் மிச்சம் பிடிப்பது இந்த வணிகத்தில் இயல்பாகவே நடக்கிறது. கணினிப் பாகங்களின் பெரிய சந்தைகளான சென்னை ரிச்சி தெருவுக்கோ பெங்களூரு எஸ்.பி. ரோடுக்கோ அருகில் வசிப்பவருக்கு இந்த மிச்சம் பிடித்தல் பெரிய பாதிப்பைத் தராது. எஸ்எம்பிஎஸ் போய்விட்டால் மறுநாளே மாற்றிக்கொள்வார். பாலக்கோட்டிலோ தேன்கனிக்கோட்டையிலோ அரூரிலோ இருப்பவருக்கு அதே பழுது ஒரு வாரப் பிரச்சினையாகிறது. மதர்போர்டு கம்பெனிக்குப் போக வேண்டியிருந்தால் ஒரு மாதமும் ஆகலாம். ஒரே கொட்டேஷனை ஊருக்கு ஊர் வேறு விதமாகப் படிக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

நடுத்தர விலை என்று இங்கே சொல்வது, மானிட்டர் இல்லாமல் பெட்டிக்கு மட்டும் ஏறத்தாழ 60,000 ரூபாயிலிருந்து ஒரு லட்சம் ரூபாய் வரை. ‘ஃபுல் செட்’ என்று சொல்லப்படும் விலையில் மானிட்டர், கீபோர்டு, மவுஸ் சேர்ந்திருக்கும். சில நேரம் யூபிஎஸ்ஸும் சேர்ந்திருக்கும். இரண்டு சீட்டுகளை ஒப்பிடுமுன் அவற்றைப் பிரித்துவிட வேண்டும். கணினிக்கான ஜிஎஸ்டி 18 சதவீதம் விலைக்குள்ளா வெளியிலா என்பதையும் முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். 80,000 ரூபாய்க்கு அது 14,400 ரூபாய், அதாவது ஒரு நல்ல எஸ்எம்பிஎஸ்ஸும் யூபிஎஸ்ஸும் வாங்கும் பணம். இன்னொன்றும் கவனத்தில் இருக்க வேண்டும். 2025-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களிலிருந்து, செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டதால் ரேம் விலை உலகெங்கும் கடுமையாக ஏறியது. மைக்ரான் நிறுவனம் ‘குரூஷியல்’ என்ற தன் சில்லறை வணிகத்தையே கைவிடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. எனவே அதற்கு முன் நண்பர் வாங்கிய விலையை மனத்தில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகிறவர், விற்பவரிடம் நியாயமற்ற சண்டைக்குப் போகிறார் என்றே பொருள்.

விளையாட்டுக்கான கணினியில் பணத்தின் பெரும்பங்கு போக வேண்டிய இடம் கிராபிக்ஸ் கார்டு. பெட்டியின் மொத்த விலையில் மூன்றில் ஒரு பங்கோ அதற்குச் சற்று மேலோ அதற்கு ஒதுக்கப்பட்டிருந்தால் அந்தக் கணினி விளையாட்டுக்காகத் திட்டமிடப்பட்டது என்று நம்பலாம். ஐந்தில் ஒரு பங்குகூட இல்லையென்றால் அது விளக்கு பொருத்திய அலுவலகக் கணினி. காரணம் எளியது. திரையில் 1920-க்கு 1080 என்ற அளவில் ஒரு படம் என்பது ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள். விநாடிக்கு 60 படம் வேண்டுமென்றால் அத்தனை புள்ளிகளின் நிறத்தையும் விநாடிக்கு 60 முறை கணக்கிட வேண்டும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை முழுமையாகப் பயன்படுத்த 144 முறை. இந்த வேலையைச் செய்வது கிராபிக்ஸ் கார்டுதான், பிராசஸர் அல்ல. 2560-க்கு 1440 திரைக்குப் போனால் புள்ளிகள் ஏறத்தாழ 36.9 லட்சமாகின்றன. நாம் பேசும் விலையில் 1080 திரையோடு நிறுத்திக்கொள்வதே அறிவுடைமை என்பது என் கருத்து.

கார்டின் பெயரில்தான் முதல் குழப்பம் தொடங்குகிறது. என்விடியா நிறுவனத்தின் ‘ஆர்டிஎக்ஸ் 3050’ என்று சீட்டில் இருந்தால் அது ஒரு பொருளின் பெயரல்ல, இரண்டின் பெயர். 2022-இல் வந்த 8 ஜிபி வகையில் 2,560 கணக்கீட்டுக் கோர்களும் 128 பிட் நினைவகப் பாதையும் உண்டு. 2024-இல் வந்த 6 ஜிபி வகையில் கோர்கள் 2,304, பாதை 96 பிட், மின்தேவை 70 வாட் மட்டும். தனி மின் கம்பி இல்லாமலேயே ஓடுவதால், மட்டமான எஸ்எம்பிஎஸ்ஸோடு விற்க விரும்புபவருக்கு இந்த இரண்டாவது வகை மிகவும் வசதியானது. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, ஏஎம்டி நிறுவனத்தின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி ஆகிய இரண்டும் 2025-இல் 8 ஜிபி, 16 ஜிபி என்று இரு வகையாக வெளிவந்தன. சீட்டில் பெயர் மட்டும் இருந்து அளவு இல்லையென்றால், 8 ஜிபி என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. இவற்றுக்கும் கீழே ‘2 ஜிபி கிராபிக்ஸ் கார்டு’, ‘4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு’ என்று அளவை மட்டும் எழுதிப் பெயரே எழுதாத சீட்டுகள் உண்டு. அவற்றில் பெரும்பாலும் இருப்பது 2014-இல் வந்த ஜிடி 730 போன்ற ஒன்று. திரையில் படம் காட்டும் வேலைக்கு மட்டுமே பொருத்தமான அதைக் கேமிங் கணினி என்ற பெயரில் விற்பதை ஏமாற்று என்றே சொல்லலாம்.

நினைவகத்தின் அளவு ஏன் இவ்வளவு பேசப்படுகிறது என்றால், விளையாட்டில் வரும் சுவர், மரம், முகம் ஆகியவற்றின் மேற்பரப்புப் படங்களெல்லாம் கார்டின் நினைவகத்தில் தங்க வேண்டும். அங்கே இடம் போதாவிட்டால் அவை மதர்போர்டின் பாதை வழியாகக் கணினியின் ரேமுக்குப் போய்வரத் தொடங்கும். அப்போது விளையாட்டு விட்டுவிட்டு நின்று ஓடும். ஆர்டிஎக்ஸ் 4060, 5060, ஆர்எக்ஸ் 7600 போன்ற கார்டுகள், மதர்போர்டோடு இணைக்கும் பிசிஐஇ என்ற அந்தப் பாதையில் 16 தடங்களுக்குப் பதில் 8 தடங்களையே பயன்படுத்துபவை. அவற்றைப் பழைய மூன்றாம் தலைமுறைப் பாதையுள்ள மதர்போர்டில் பொருத்தினால் இந்தத் தடுமாற்றம் இன்னும் கூடும். வேலரண்ட், கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 போன்ற இணையச் சுடும் விளையாட்டுகளை மட்டும் விளையாடுபவருக்கு 8 ஜிபி தாராளமாகப் போதும். புதிதாக வரும் பெரிய கதை விளையாட்டுகளை உயர்ந்த தரத்தில் ஆட விரும்புபவர், 12 ஜிபி கொண்ட இன்டெல் ஆர்க் பி580-ஐயோ 16 ஜிபி கொண்ட ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டியையோ எண்ணிப் பார்க்கலாம். ஆர்க் கார்டுக்கு ஒரு நிபந்தனை உண்டு: கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசஸர் ஒரே நேரத்தில் அணுக உதவும் ‘ரீசைஸபிள் பார்’ வசதியுள்ள மதர்போர்டும் ஓரளவு புதிய பிராசஸரும் இல்லாவிட்டால் அதன் வேகம் வெகுவாக விழுந்துவிடும்.

ஜிடிஎக்ஸ் 1650, 1660 ஆகிய பழைய கார்டுகள் இன்றும் பல சீட்டுகளில் காணப்படுகின்றன. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் விளையாட்டும் 2025 மே மாதம் வந்த டூம் தொடரின் புதிய பாகமும் ஒளி போகும் வழியைக் கணக்கிட்டுக் காட்சியை வரையும் ரே டிரேசிங் வசதி கொண்ட கார்டு இல்லாமல் இயங்குவதில்லை. அந்தப் பழைய கார்டுகளில் அந்த வசதி வன்பொருளாகவே கிடையாது. இனி வரப்போகும் பெரிய விளையாட்டுகள் இந்த வழியில்தான் போகும் என்று எதிர்பார்க்கலாம் என்பதால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் புதுக் கணினியில் அவற்றை ஏற்பது வீண்.

விநாடிக்கு இத்தனை படம் என்று விளம்பரத்தில் வரும் எண்ணையும் ஒரு கேள்வி கேட்டுவிட்டே ஏற்க வேண்டும். டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் என்ற பெயர்களில் வரும் நுட்பங்கள் இரண்டு வேலைகளைச் செய்கின்றன. ஒன்று, சிறிய அளவில் படத்தை வரைந்து அதைப் பெரிதாக்குவது. இது பயனுள்ளது, பெரும்பாலும் கண்ணுக்கு உறுத்தாது. மற்றொன்று, கார்டு உண்மையில் வரைந்த இரு படங்களுக்கு நடுவே ஊகமாகப் படங்களைச் செருகுவது. பின்னதால் எண் இரு மடங்கும் மும்மடங்கும் ஆகும். ஆனால் மவுஸை அசைத்ததற்கும் திரை அசைவதற்கும் உள்ள இடைவெளி குறைவதில்லை, சற்றே கூடவும் செய்யும். விநாடிக்கு 30 படம் மட்டுமே வரையக்கூடிய கார்டில் இந்த வசதியைப் போட்டு 90 என்று காட்டினால், கண்ணுக்கு 90 போலவும் கைக்கு 30 போலவும் இருக்கும்.

பிராசஸரைப் பற்றி இவ்வளவு பேச வேண்டியதில்லை. ஆறு கோர்களும் (கணக்கிடும் அலகுகள்) பன்னிரண்டு திரெட்களும் (ஒரே நேரத்தில் நடக்கும் வேலைச் சரடுகள்) கொண்ட கோர் ஐ5-12400எஃப், ரைசன் 5 5600, சற்றுக் கூடுதல் விலையில் ரைசன் 5 7600 போன்ற ஏதாவது ஒன்று இந்த விலையில் கிடைக்கும் எந்தக் கார்டுக்கும் போதுமானது. தவிர்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, தலைமுறை எண் இல்லாத ‘ஐ7’. 2012-இல் வந்த ஐ7-3770-க்கும் ஐ7 என்றுதான் பெயர். 2022-இல் வந்த நான்கு கோர் ஐ3-12100எஃப் அதை எளிதாக முந்திவிடும். பெங்களூரு நிறுவனங்கள் கழித்துவிட்ட அலுவலகக் கணினிகளின் பிராசஸர்கள் எச்61 சிப்செட் கொண்ட புத்தம் புதிய மலிவு மதர்போர்டில் ஏறி, கண்ணாடிக் கேபினட்டுக்குள் புகுந்து கேமிங் கணினியாக மறுபிறவி எடுப்பது பெங்களூருவிலிருந்து ஓசூர், கிருஷ்ணகிரி வழியாக வரும் சாலை நெடுகிலும் நடப்பதுதான். மற்றது, தனி கிராபிக்ஸ் கார்டோடு ரைசன் 5 5600ஜி அல்லது 5500-ஐ இணைத்துத் தருவது. பெயரில் ஓர் எழுத்தோ எண்ணோதான் வேறுபாடு என்றாலும், இவ்விரண்டிலும் பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகமான எல்3 கேஷ் 16 எம்பி, பிசிஐஇ மூன்றாம் தலைமுறை. வெறும் 5600-இல் 32 எம்பி, நான்காம் தலைமுறை. மேலே சொன்ன எட்டுத் தடக் கார்டுகளின் தடுமாற்றம் இங்கேதான் வந்து சேர்கிறது. இன்டெல் பிராசஸர் பெயரின் இறுதியில் ‘எஃப்’ இருந்தால் அதற்குள் கிராபிக்ஸ் கிடையாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கார்டு பழுதாகிச் சேவைக்குப் போயிருக்கும் நாள்களில் அந்தக் கணினியில் மின்னஞ்சல்கூடப் பார்க்க முடியாது. கல்லூரிப் பாடத்துக்கும் இதே கணினிதான் என்ற வீட்டில், சற்றுக் கூடக் கொடுத்து ‘எஃப்’ இல்லாததை வாங்குவது தவறாகாது.

பழைய பிராசஸரின் இன்னொரு தொல்லை விண்டோஸ். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசஸர்களை மைக்ரோசாஃப்ட் அதிகாரப்பூர்வமாக ஏற்பதில்லை. கடையில் ஏதோ ஒரு வழியில் ஏற்றித் தந்துவிடுவார்கள். ஆனால் வேலரண்ட் விளையாட்டின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள், விண்டோஸ் 11-இல் டிபிஎம் 2.0-உம், கணினி தொடங்கும்போதே மென்பொருளைச் சரிபார்க்கும் செக்யூர் பூட்டும் இயங்கினால்தான் விளையாட்டைத் திறக்கவே விடும். எனவே ‘வேலரண்ட் ஓடுமா’ என்று கேட்டு ‘ஓடும்’ என்ற பதிலோடு திருப்தி அடையாமல், அந்தப் பெட்டியிலேயே ஓட்டிக் காட்டச் சொல்வது நல்லது.

ரேமில் பார்க்க வேண்டியது எண்ணிக்கை. டிடிஆர்4-3200 ரேம் ஒரு குச்சியாக இருந்தால் விநாடிக்கு 25.6 ஜிபி வரைதான் தரவு போகும். 8 ஜிபி குச்சிகள் இரண்டாக இருந்தால் 51.2 ஜிபி. ‘பிறகு இன்னொன்று போட்டுக்கொள்ளலாம்’ என்று ஒற்றைக் குச்சியைத் தருவது வழக்கம். விலை ஏறியிருக்கும் இக்காலத்தில் அந்தப் ‘பிறகு’ எளிதில் வருவதில்லை. எஸ்எஸ்டி 1 டிபி இருந்தால் நிம்மதி. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 ஒன்றே 150 ஜிபியும் பிளாக் மித் வுகாங் 130 ஜிபியும் கேட்கின்றன. 500 ஜிபியில் விண்டோஸும் இரண்டு பெரிய விளையாட்டுகளும் ஏறியபின் மூன்றாவதற்கு இடம் தேட வேண்டியிருக்கும். ஒன்றை அழித்து மற்றொன்றை இறக்கிக்கொள்ளலாம் என்ற யோசனை, வீட்டு இணைப்பின் வேகத்தையும் மாத அளவையும் பொறுத்தது.

இனி, சீட்டில் எழுதப்படாமலே போகும் எஸ்எம்பிஎஸ். ஒரு கணினியில் மற்ற எல்லாப் பாகங்களையும் ஒரே நேரத்தில் அழிக்கக்கூடிய பாகம் இது ஒன்றுதான் என்பதால், இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்னோட்டமாக மாற்றுவது அதன் வேலை. இன்றைய கணினியில் பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் தங்கள் மின்சாரம் முழுவதையும் ஏறத்தாழ 12 வோல்ட்டிலிருந்தே எடுக்கின்றன. மலிவான எஸ்எம்பிஎஸ் பெட்டியின் மேல் ‘450 வாட்’ என்று பெரிதாக எழுதியிருக்கும்; பக்கத்தில் ஒட்டிய சிறு அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பார்க்க வேண்டும். அங்கே 16 என்று இருந்தால், 12-ஐ 16-ஆல் பெருக்கி 192 வாட். அந்தப் பெட்டியால் கார்டுக்கும் பிராசஸருக்கும் தர முடிந்தது அவ்வளவே. நல்ல தயாரிப்பின் 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் அதே இடத்தில் 45 ஆம்பியர் அளவில் இருக்கும். அது 540 வாட். அட்டவணையே ஒட்டப்படாத பெட்டியைத் தொடவே வேண்டாம்.

தேவை எவ்வளவு என்பதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு 115 வாட், 5060 என்றால் 145 வாட், 5060 டிஐ என்றால் 180 வாட், ஆர்க் பி580 என்றால் 190 வாட். ஆறு கோர் பிராசஸருக்கு விளையாடும்போது 60 முதல் 90 வாட் வரை. மதர்போர்டு, எஸ்எஸ்டி, விசிறிகள் எல்லாம் சேர்ந்து 40, 50 வாட். ஆக 215 முதல் 330 வாட்டுக்குள் எல்லாம் அடங்கிவிடுகிறது. கார்டுகள் கண நேரத்துக்குத் தங்கள் அளவை மீறி மின்சாரம் இழுக்கும் என்பதையும் கோடை வெயிலையும் சேர்த்து எண்ணினால், 550 அல்லது 650 வாட் நல்ல எஸ்எம்பிஎஸ் போதுமானது. 850 வாட் தேவையில்லை. ‘80 பிளஸ் பிரான்ஸ்’ சான்று இருப்பது நல்லதே, ஆனால் அந்தச் சான்று சொல்வது மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதை மட்டும். மின்னழுத்தம் எகிறும்போது தன்னை அணைத்துக்கொண்டு மற்ற பாகங்களைக் காப்பாற்றுமா என்பதை அது சொல்வதில்லை. அதற்கு மாடலின் பெயரைக் கேட்டு, அதைப் பிரித்துப் பார்த்துச் சோதித்தவர்கள் எழுதியதைப் படிப்பதே வழி. அந்த மாடல் பெயரைச் சொல்லத் தயங்கும் கடையில் மற்ற வரிகளையும் நம்ப வேண்டியதில்லை.

கிராமப்புற மின்னிணைப்பில், மோட்டார்கள் ஓடத் தொடங்கும் நேரத்தில் மின்னழுத்தம் இறங்குவதும், மின்வெட்டு முடிந்து திரும்பும் கணத்தில் எகிறுவதும் விவசாய வீடுகளுக்குப் புதிதல்ல. அதனால் இங்கே யூபிஎஸ் என்பது விருப்பப் பொருளாக இருக்க முடியாது. கடையில் இலவசமாகவோ சலுகையிலோ தரப்படும் 600 விஏ யூபிஎஸ்ஸால் உண்மையில் தர முடிந்தது பெரும்பாலும் 360 வாட். மேலே கணக்கிட்ட கணினியோடு மானிட்டரையும் சேர்த்தால் அது விளிம்பில் நிற்கும். பேட்டரி ஓராண்டு பழையதானபின் மின்சாரம் போன கணத்திலேயே கணினியும் அணைந்துவிடும். 1,000 அல்லது 1,100 விஏ யூபிஎஸ், ஏறத்தாழ 600 வாட், பொருத்தமான அளவு. வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே என்பவர்கள் இரண்டைப் பார்க்க வேண்டும்: அது சதுர அலை வகையா சைன் அலை வகையா என்பது ஒன்று, மின்சாரம் போனபின் அது மாறிக்கொள்ளும் வேகம் மற்றொன்று. நல்ல எஸ்எம்பிஎஸ்கள் பலவற்றில் இருக்கும் மின்காரணித் திருத்தச் சுற்று, சதுர அலை இன்வெர்ட்டரோடு ஒத்துப்போகாமல் கணினியை அணைத்துவிடுவதுண்டு. பிளக்கின் மூன்றாவது பின் உண்மையிலேயே மண்ணுக்குப் போகிறதா என்பதை ஓர் எலக்ட்ரீஷியனை அழைத்துச் சோதித்துக்கொள்வது இந்தச் செலவுகளிலேயே மிகச் சிறியது. கேபினட்டைத் தொட்டால் சுரீர் என்கிறது என்ற புகாருக்குப் பெரும்பாலும் எர்த்திங்தான் காரணம்.

வெப்பத்தைப் பொறுத்தவரை கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் எல்லா ஊர்களும் ஒரே மாதிரி இல்லை. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள ஓசூரில் உள்ள குளிர்ச்சி, பீடபூமியிலிருந்து இறங்கியபின் கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் கிடைக்காது. ஏப்ரல், மே மாதப் பிற்பகலில் ஓட்டு வீட்டின் அறைக்குள், முன்பக்கம் முழுவதும் கண்ணாடியால் மூடிய கேபினட் அடுப்பாகிவிடும். சூடேறிய கார்டும் பிராசஸரும் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முன்பக்கம் வலைத்தகடும் கழற்றிக் கழுவக்கூடிய தூசி வடிகட்டியும் உள்ள கேபினட்டைக் கேட்டு வாங்க வேண்டும். கிரானைட் குவாரிகளுக்கும் மெருகேற்றும் பட்டறைகளுக்கும் அருகில் வசிப்பவருக்கு அந்த வடிகட்டி அழகுப் பொருளல்ல. மாதம் ஒருமுறையாவது அதைக் கழுவ வேண்டியிருக்கும்.

இவ்வளவையும் கேட்டபின், எச்பி விக்டஸ், லெனோவோ எல்ஓக்யூ போன்ற பெரிய நிறுவனங்களின் ஆயத்தப் பெட்டியையே வாங்கிவிடலாமே என்று தோன்றுவது இயல்பு. அதில் நியாயமும் உண்டு. உண்மையான விண்டோஸ் உரிமத்தோடு வருகிறது. ஒரே நிறுவனம் முழுப் பெட்டிக்கும் பொறுப்பேற்கிறது. வீட்டுக்கே வந்து சரிசெய்யும் உத்தரவாதம் பல மாடல்களுக்கு உண்டு. ஆனால் பெரிய நிறுவனங்களின் ஆயத்தக் கணினிகள் பலவற்றில் மதர்போர்டின் வடிவமும் எஸ்எம்பிஎஸ்ஸின் இணைப்பும் அந்நிறுவனத்துக்கே உரியவை. உத்தரவாதக் காலம் முடிந்த மறுமாதம் எஸ்எம்பிஎஸ் போனால், கிருஷ்ணகிரி கடையில் கிடைக்கும் எதுவும் அதில் பொருந்தாமல் போகலாம். மூன்றாண்டு கழித்துப் பெரிய கார்டு போட நினைத்தாலும் இடமோ மின்சாரமோ போதாமல் நிற்கும். எல்லோரும் பயன்படுத்தும் பொது அளவிலான ஏடிஎக்ஸ் பாகங்களால் ஆன பெட்டியை எந்த ஊர்க் கடைக்காரரும் திறந்து எந்தப் பாகத்தையும் மாற்றித் தர முடியும். பழுதுபார்க்கும் இடம் தொலைவில் இருக்க இருக்க இந்த வசதியின் மதிப்பு கூடுகிறது. எனவே இந்த மாவட்டங்களில், பொது அளவுப் பாகங்களைக் கொண்டு மாடல் பெயர்களோடு பில் தந்து பொருத்திக் கொடுக்கும் கடையின் கணினியே முதல் தேர்வு என்பது என் முடிவு. திறந்து பார்க்கவோ கடைக்குத் தூக்கிச் செல்லவோ ஆளில்லாத வீட்டுக்கு மட்டும் நிறுவனப் பெட்டி பொருந்தும். அப்போதும், வீட்டுக்கு வரும் சேவை தங்கள் பின்கோடுக்கு உண்டா என்பதைப் பணம் கட்டுமுன் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

பில் இல்லாமல் வாங்கினால் விலை குறையும் என்ற பேச்சு எல்லாக் கடைத்தெருக்களிலும் உண்டு. கிராபிக்ஸ் கார்டுக்கும், தன் அட்டைப் பெட்டியோடு வரும் பிராசஸருக்கும் பெரும்பாலும் மூன்றாண்டு உத்தரவாதம் இருக்கிறது. அதைக் கேட்கப் போகும்போது முதலில் கேட்கப்படுவது பில்லும் சீரியல் எண்ணும். ஆகவே ‘கேமிங் பிசி - 1’ என்று ஒரே வரியில் போட்ட பில்லால் பயன் குறைவு. ஒவ்வொரு பாகமும் தன் மாடல் பெயரோடும் சீரியல் எண்ணோடும் இடம்பெற வேண்டும், காலிப் பெட்டிகளையும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். பெங்களூருவில் வாங்கிய பொருளுக்கு அங்கேதான் வழக்குப் போட வேண்டும் என்ற எண்ணமும் சரியல்ல. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே புகார் அளிக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம்.

கடையில் பணத்தைக் கொடுக்குமுன் அரை மணி நேரம் அந்தக் கணினியோடு உட்கார்ந்துவிட வேண்டும். விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் நினைவகப் பகுதியைத் திறந்தால் எத்தனை இடங்களில் ரேம் இருக்கிறது, எந்த வேகத்தில் ஓடுகிறது என்று தெரியும். 3200 என்று விற்கப்பட்ட ரேம் 2133-இல் ஓடிக்கொண்டிருந்தால், மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸில், ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பை இயக்கித் தரச் சொல்ல வேண்டும். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் கிராபிக்ஸ் கார்டின் உண்மைப் பெயர், கோர் எண்ணிக்கை, நினைவகம், பாதையின் தலைமுறை எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் காட்டிவிடும். பழைய கார்டுக்குப் புதுப் பெயர் சூட்டி விற்கும் போலிகளை அது பெரும்பாலும் கண்டுபிடித்தும் சொல்கிறது. பிறகு ஒரு கனமான விளையாட்டை இருபது நிமிடம் ஓடவிட்டு, வெப்பம் எங்கே போய் நிற்கிறது என்று பார்க்கலாம். இதற்கு முகம் சுளிக்கும் கடைக்காரர் பின்னாளில் உத்தரவாதத்துக்கு என்ன முகம் காட்டுவார் என்பதை அங்கேயே தெரிந்துகொள்ளலாம்.

எஸ்.பி. ரோட்டிலிருந்தோ சேலத்திலிருந்தோ பேருந்தில் கொண்டுவருபவர், கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி அதன் அட்டைப் பெட்டியிலேயே வைத்துத் தரச் சொல்வது நல்லது. அது முடியாவிட்டால், மதர்போர்டு தரைக்கு இணையாக, கார்டு நிமிர்ந்து நிற்கும்படி கேபினட்டைப் பக்கவாட்டில் படுக்க வைத்துக் கொண்டுவர வேண்டும். நிற்க வைத்த நிலையில் ஒவ்வொரு வேகத்தடையிலும் கார்டின் முழு எடையும் மதர்போர்டின் ஒரே துளையில் இறங்கும். வீட்டில் முதலில் இயக்குமுன் பக்கத் தகட்டைத் திறந்து கார்டும் ரேமும் அசையாமல் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, மானிட்டரின் கம்பியை மதர்போர்டில் அல்லாமல், அதற்குக் கீழே உள்ள கார்டின் துளையில் செருக வேண்டும். பணம் கொடுத்து வாங்கிய கார்டு சும்மா கிடக்க, பிராசஸரின் சிறிய கிராபிக்ஸில் வாரக்கணக்கில் விளையாடிவிட்டுக் கணினி மெதுவாக இருக்கிறது என்று கடைக்குத் தூக்கிப் போகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்.